டிரெட்மில்லுக்கு முன்னால் இஞ்ச் டேப்

கேள்வி: எனக்கு 47 வயது, வங்கி வேலை. ஸ்ரீரங்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் சொந்த ஃபிளாட். இரண்டு வருடமாக பிபி மாத்திரை சாப்பிடுகிறேன். மனைவிக்கு 43 வயது, உயரம் ஐந்தடி. மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது என்கிறார். மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். 17 வயது, ஐந்தடி பத்தங்குலம், உடம்பு ஏற்றியே தீர வேண்டும் என்று நிற்கிறான். 10-க்கு 9 அடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது. 60,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். கடைக்காரர், "4 ஹெச்.பி. டிரெட்மில் ஒன்று, மல்டி ஜிம் ஒன்று போட்டுவிடுங்கள் சார், மூன்று பேருக்கும் ஆயிற்று" என்கிறார். காலையில் அரை மணி நேரம் தெருவில் நடக்கிறேன். மழை நாளில் மட்டும் விட்டுப்போகிறது. இரண்டையும் வாங்கலாமா? மாடியில் இவ்வளவு எடையை வைத்தால் தளம் தாங்குமா?

பதில்:

இரண்டுமே வேண்டாம். அறைக்கும் பொருந்தாது, உங்கள் மூவரின் தேவைக்கும் பொருந்தாது.

முதலில் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போங்கள். 10 அடி என்பது 305 சென்டிமீட்டர். வீட்டு உபயோக டிரெட்மில்லின் நீளம் 170 செ.மீ. வாக்கில் வரும். அதன் பின்னால் இரண்டு மீட்டர் வெற்றிடம் வேண்டும். மொத்தம் 370. அதாவது சுவருக்கு வெளியே இரண்டடி போகிறது. "பின்னால் எதற்கு இடம், சுவரை ஒட்டிப் போடலாமே" என்று கடையில் சொல்வார்கள். கால் தடுமாறி விழுகிறவரை ஓடுகிற பெல்ட் பின்பக்கமாகத்தான் தள்ளும். பின்னால் சுவர் இருந்தால் ஆள் சுவருக்கும் பெல்ட்டுக்கும் நடுவே சிக்கிக்கொள்வார், பெல்ட் நிற்காமல் தோலைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். மடக்கி வைக்கலாம் என்பது நிறுத்தி வைக்கும்போது இடம் மிச்சமாவதற்கு மட்டும்தான். நடக்கும்போது அதே 370 வேண்டும். குழந்தைகள் வந்துபோகும் வீட்டில் இன்னும் கவனம் தேவை. அமெரிக்காவில் 2021 மே மாதம் பெலோட்டன் நிறுவனம் தன் டிரெட் பிளஸ் டிரெட்மில்களைத் திரும்பப் பெற்றது. ஒரு குழந்தை பின்பக்கமாக அடியில் இழுக்கப்பட்டு இறந்ததும், வேறு பல விபத்துகளும்தான் காரணம். பெல்ட்டை நிறுத்தும் பாதுகாப்புச் சாவியைக் கழற்றித் தனியே வைக்கும் பழக்கம் இல்லாத வீட்டில் டிரெட்மில் இருக்கவே கூடாது.

தவிர, நீங்கள்தான் தினமும் நடக்கிறீர்களே. தெருவில் இலவசமாகக் கிடைப்பதை அறைக்குள் கொண்டுவர ஏன் பாதிப் பணத்தைக் கொட்ட வேண்டும்? மழை நாளுக்கு வேறு வழி இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இருந்தாலும் அந்த "4 ஹெச்.பி." பற்றி ஒரு வார்த்தை, உங்களுக்கு இல்லாவிட்டாலும் வேறு யாருக்காவது உதவும். பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் மோட்டார் ஒரு கணம் எட்டக்கூடிய உச்ச சக்தி. அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய சக்தி அதில் பாதியோ அதற்கும் கீழோதான் இருக்கும். தொடர் சக்தி எவ்வளவு என்று தனியாகக் கேட்டு, பில்லில் எழுதச் சொல்லுங்கள். முன்மூடியைக் கழற்றினால் மோட்டாரின் மேல் ஒரு தகடு இருக்கும், அதில் வாட் கணக்கு உண்டு. 746 வாட் என்றால் ஒரு ஹெச்.பி. நடக்க மட்டும் என்றால் பெல்ட் அகலம் 40 செ.மீ. தாராளம்; ஆறடி ஆள் ஓட வேண்டுமென்றால் அகலம் 45-க்கும் நீளம் 130-க்கும் குறையக் கூடாது. நில இணைப்புள்ள 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் அதற்கென்றே தனியாக இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது, இன்வெர்ட்டர் லைனிலும் போடக் கூடாது. "மோட்டாருக்கு வாழ்நாள் வாரண்டி" என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டாம். மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது முதலில் போவது மோட்டார் அல்ல, அதை ஓட்டுகிற கன்ட்ரோல் போர்டு. அதற்கு எத்தனை வருட வாரண்டி என்பதே கேள்வி. பெல்ட்டுக்கு அடியில் சிலிகோன் எண்ணெய் மட்டும்தான் விட வேண்டும். தேங்காய் எண்ணெயோ இன்ஜின் ஆயிலோ விட்டால் பெல்ட்டின் அடித்துணி ஊறிக் கெட்டுப்போகும். எண்ணெய் விடாமலே ஓட்டினால் உராய்வு கூடி மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும், அதிலும் போர்டுதான் கருகும்.

மல்டி ஜிம்முக்கு, அதாவது எடைக் கட்டைக் கேபிளால் இழுக்கும் இயந்திரத்துக்கு, வருவோம். ஆறடிக்கு நாலடி இடத்தை அது ஒன்றே எடுத்துக்கொள்ளும், சுற்றி நிற்க இடம் தனி. பெரும்பாலான வீட்டு மாடல்களில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் செய்ய முடியும். எடைக் கட்டு ஐந்து ஐந்து கிலோவாகத்தான் கூடும். உங்கள் மனைவிக்கு ஐந்திலிருந்து பத்துக்குத் தாவுவது இரண்டு மடங்கு. மகனுக்கோ மொத்தக் கட்டும் ஒரு வருடத்தில் போதாமல் போகும். சில மாடல்களில் கப்பி அமைப்பினால் கட்டில் 60 கிலோ இருந்தாலும் கைக்கு 30 கிலோதான் வந்து சேரும். இருக்கையும் கைப்பிடியும் ஒரு நடுத்தர உயரத்துக்கு அமைந்தவை. ஐந்தடி ஆளுக்கும் ஐந்தடி பத்தங்குல ஆளுக்கும் ஒரே கைப்பிடி தோளுக்கு நேரே வராது. வராவிட்டால் வலி தோள்மூட்டில் போய் உட்காரும். கம்பி கேபிளின் மேலுள்ள பிளாஸ்டிக் உறை கப்பி வளைகிற இடத்தில் வெடிக்க ஆரம்பிக்கும், பிறகு உள்ளே இழை இழையாக அறும். தனியாகச் செய்கிறவருக்கு எடை மேலே விழாது என்பது மல்டி ஜிம்மின் உண்மையான நன்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பை வேறு வழியிலும் பெறலாம்.

தளம் தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள். குடியிருப்பு அறைகளுக்குச் சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ என்ற கணக்கில்தான் நம் நாட்டில் தளம் வடிவமைக்கப்படுகிறது. உங்கள் அறை எட்டே கால் சதுர மீட்டருக்கு மேல். பரவலாக வைத்தால் ஒன்றரை டன்னுக்கு மேல் தாங்க வேண்டிய அறை. நான் சொல்லப்போகும் சாமான், மூன்று பேரின் உடல் எடை எல்லாம் சேர்ந்தாலும் அதில் கால் பங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆகவே வைத்திருக்கும் எடை பற்றிக் கவலை இல்லை, விழுகிற எடை பற்றித்தான் கவலை. 15 கிலோ டம்பெல் முழங்கால் உயரத்திலிருந்து விழுந்தாலே டைல்ஸ் விரியும், கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். ஒரு ரூபாய் நாணயத்தால் டைல்ஸ் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று வெற்றொலி கேட்கும் டைல்ஸுக்கு அடியில் சிமென்ட் சரியாகப் பிடிக்கவில்லை. முதலில் உடைவது அதுதான். அந்த மூலையில் எடை தூக்க வேண்டாம்.

எனவே முதல் செலவு தரை. 15 மில்லிமீட்டர் கெட்டி ரப்பர் விரிப்பு, ஆறடிக்கு நாலடி போதும். அறை முழுக்க வேண்டியதில்லை. குழந்தைகள் விளையாட்டு அறையில் போடும் பஞ்சு மாதிரியான புதிர் மேட் வேண்டாம். அது அமுங்கும், பெஞ்சின் கால் ஒரு பக்கம் இறங்கும், எடையோடு மல்லாந்து படுத்திருக்கும்போது அந்த ஆட்டம் ஆபத்து. யோகா மேட் இதற்கானதே அல்ல. புது ரப்பர் நாறும். மொட்டை மாடியில் நிழலான இடத்தில் நாலைந்து நாள் விரித்துப்போட்டு விட்டு உள்ளே கொண்டு வாருங்கள்.

இனி எடை. பட்ஜெட்டில் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எத்தனை கிலோ வாங்குகிறோம் என்பதைவிட, எவ்வளவு சிறிய படியாகக் கூட்ட முடிகிறது என்பதே முக்கியம். பத்து கிலோ பிளேட்டாக அடுக்கி "50 கிலோ செட்" என்று விற்பார்கள். அதை வைத்துக்கொண்டு மூன்று பேரும் மூன்றாவது வாரம் மாட்டிக்கொள்வீர்கள்: ஒரு எடை சுலபமாகிவிடும், அடுத்த எடை தூக்கவே வராது.

இப்படி வாங்குங்கள். 14 அங்குல டம்பெல் ராடு இரண்டு. 1.25 கிலோ பிளேட் நான்கு, 2.5 கிலோ நான்கு, 5 கிலோ நான்கு. மொத்தம் பன்னிரண்டு பிளேட், 35 கிலோ. நட்டோடு சேர்த்து ஒரு ராடு இரண்டு கிலோ என்று வையுங்கள். வெறும் ராடு 2 கிலோ, 1.25 ஜோடி போட்டால் நாலரை. அதைக் கழற்றி 2.5 ஜோடி போட்டால் 7. இரண்டு ஜோடியும் போட்டால் ஒன்பதரை. 5 கிலோ ஜோடி மட்டும் என்றால் 12. பிறகு பதினாலரை, 17, பத்தொன்பதரை. இரண்டு கையிலும் ஒரே நேரத்தில், ஒரு படிகூட விடுபடாமல், இரண்டரை கிலோ வித்தியாசத்தில் எட்டுப் படிகள் கிடைக்கின்றன. பிளேட் எண்ணிக்கை நான்கின் மடங்கில் இருக்க வேண்டும் என்பதுதான் இதிலுள்ள சூட்சுமம். இரண்டாக வாங்கினால் ஒரு டம்பெல்தான் நிறையும்.

உங்கள் மனைவிக்கு நாலரையிலிருந்து ஏழுக்குப் போவதும் பெரிய தாவல்தான். அதற்காக அரை கிலோ பிளேட் நான்கு சேர்த்துக்கொள்ளுங்கள். 3, நாலரை, ஐந்தரை, 7, 8 என்று படி நெருங்கிவிடும். கடையில் "அரை கிலோ யாரும் கேட்பதில்லை" என்பார்கள். சொல்லி வரவழைக்கலாம்.

மகனுக்கு ஐந்தடி நேர் ராடு ஒன்று, 10 கிலோ பிளேட் இரண்டு. டம்பெல் ராடும் இந்த ராடும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். நம் கடைகளில் வீட்டு ராடு 25 அல்லது 28 மில்லிமீட்டரில் கிடைக்கிறது. ஜிம்களில் இருக்கும் ஒலிம்பிக் ராடின் முனை 50 மில்லிமீட்டர். துளை மாறினால் ஒன்றின் பிளேட் மற்றதில் ஏறாது, அல்லது லொடலொட என்று ஆடும். கெட்டி இரும்பாக இருந்தால் 28 மில்லிமீட்டரில் ஐந்தடி ராடு ஏழரை கிலோ வரும். 25 என்றால் ஆறு கிலோ. அதைவிட வெகுவாகக் குறைந்தால் உள்ளே குழாய், அதை வாங்காதீர்கள். நட்டு உட்பட எல்லாவற்றையும் ஏற்றினால் மொத்தம் 63 முதல் 65 கிலோ. முதல் வருடத்துக்குப் பையனுக்கு அது குறைவில்லை. பிறகு தேவைப்பட்டால் 10 கிலோவாகச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

பிளேட்டில் மூன்று வகை பார்ப்பீர்கள். பிளாஸ்டிக் உறைக்குள் சிமென்ட் அடைத்தது மிக மலிவு. ஓரம் வெடித்தால் உள்ளிருந்து மணலாகக் கொட்டும், பருமன் வேறு அதிகம் என்பதால் ராடில் இரண்டு பிளேட்டுக்கு மேல் ஏறாது. வார்ப்பிரும்பு மெல்லியது, ஆயுசுக்கும் உழைக்கும், சத்தம் போடும். ரப்பர் உறையிட்டது தரைக்கு நல்லது, ஆனால் இரும்பைவிடத் தடிமன். ரப்பர் எடுப்பதானால் 1.25, 2.5, 5 மூன்றையும் ஒரு பக்கத்தில் அடுக்கி நட்டை முடுக்கிப் பாருங்கள். நட்டு முழுதாக மரையில் உட்கார்ந்து, ராடின் முனை வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். அரைகுறையாகப் பிடித்த நட்டு தலைக்கு மேல் தூக்கும்போது கழன்றுகொள்ளும். உள்பக்கம் ரப்பர் வாஷர் வைத்த ஸ்டார் நட்டு கேளுங்கள். டம்பெல் கையில் உருளும்போது நட்டு தானாக இளகும் என்பதால், ஒவ்வொரு சுற்றுப் பயிற்சிக்கு முன்னும் ஒரு முறுக்குக் கொடுப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, தராசு. 5 என்று அச்சிட்ட பிளேட்டெல்லாம் 5 கிலோ இருக்காது. லக்கேஜ் நிறுக்கும் கைத்தராசு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். மொத்தத்தில் கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை. ஒரு ஜோடிக்குள் இடதும் வலதும் வித்தியாசப்பட்டால் மாற்றிக் கேளுங்கள். எடைக்குப் பணம் கொடுக்கிற பொருள் இது, கூச்சப்பட ஒன்றுமில்லை.

பையனிடம் இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஒன்று: தனியாக இருக்கும்போது ராடை வைத்து பெஞ்ச் பிரஸ், அதாவது மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேலே எடையைத் தள்ளுவது, செய்யக் கூடாது. ராடு நெஞ்சின் மேல் வந்து நின்றுவிட்டால், கிளிப் போடாத ராடாக இருந்தால் ஒரு பக்கம் சாய்த்து பிளேட்டை நழுவவிட்டுத் தப்பிக்கலாம். மரை நட்டு போட்ட ராடில் அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. டம்பெல்லில் செய்தால் முடியாதபோது இரண்டு பக்கமும் இறக்கிவிடலாம், ரப்பர் விரிப்பு இருக்கிறது.

இரண்டாவது, டெட்லிஃப்ட், அதாவது தரையில் கிடக்கும் ராடைத் தூக்கி நிமிர்வது. ஜிம்மில் இருக்கும் பெரிய பிளேட்டின் குறுக்களவு 45 செ.மீ. ஆகவே ராடு தரையிலிருந்து இருபத்திரண்டரை செ.மீ. உயரத்தில், கெண்டைக்காலின் நடுவில் நிற்கும். வீட்டு 10 கிலோ பிளேட் அதைவிட மிகச் சிறியது. ராடு கணுக்காலுக்குச் சற்று மேலேயே கிடக்கும். ஐந்தடி பத்தங்குல ஆள் அதை எடுக்கக் குனிந்தால் இடுப்பு இறங்காது, முதுகுதான் வளையும். வீடியோவில் பார்த்ததை அப்படியே செய்தும் நடுமுதுகு பிடித்துக்கொண்டது என்று சொல்கிற பையன்கள் பலருக்கு இதுதான் காரணம். பிளேட் உட்காரும் இரண்டு இடத்திலும் கெட்டியான மரக்கட்டையை வைத்து உயர்த்தி, ராடை அந்த இருபத்திரண்டரைக்குக் கொண்டுவந்துவிட்டால் சரியாகிவிடும். கட்டையின் மேல் ஒரு துண்டு ரப்பர் ஒட்டிவிட்டால் பிளேட் உருளாது.

ராடைத் தோளில் வைத்துப் பஸ்கி எடுக்க ராடைத் தாங்கி நிற்கும் ரேக் வேண்டும், இந்த அறையில் அதற்கு இப்போது இடமில்லை. பின்காலைப் பெஞ்சின் மேல் வைத்து, இரண்டு கையிலும் டம்பெல்லோடு ஒற்றைக்கால் பஸ்கி போடச் சொல்லுங்கள். கைக்குப் பதினைந்து கிலோ வருவதற்குள் தொடை நடுங்கிவிடும். எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்று வீட்டில் பெரியவர்கள் யாராவது சொன்னால், ஒழுங்கான முறையில் செய்யும் எடைப் பயிற்சி உயரத்தைக் குறைப்பதாக ஆதாரமில்லை என்று பொறுமையாகச் சொல்லலாம்.

பெஞ்ச் சாய்க்கக்கூடியதாக இருக்கட்டும். தரையிலிருந்து 42 முதல் 45 செ.மீ. உயரம், அதற்கு மேல் போனால் உங்கள் மனைவிக்குப் பாதம் தரையில் பதியாது. அகலம் 28 முதல் 32. குறைந்தால் தோள்பட்டை தொங்கும், கூடினால் கை இறங்காது. குழாயின் முனையில் உள்ள பிளாஸ்டிக் மூடியைப் பிடுங்கிச் சுவரின் தடிமனைப் பாருங்கள், இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் நிம்மதி. வெல்டிங் மூட்டைச் சுற்றி முழு வளையமாக இருக்க வேண்டும், அங்கங்கே பொட்டு வைத்தாற்போல இருக்கக் கூடாது. "200 கிலோ தாங்கும்" என்றால் ஆளும் எடையும் சேர்ந்து என்று அர்த்தம். 75 கிலோ பையன், இரண்டு கையிலும் சேர்த்து 40 கிலோ, ஆக 115. எடையைக் கீழிறக்கி நிறுத்தும் நொடியில் விசை இன்னும் கூடும். அதனால் குறைந்தது 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையிலேயே படுத்துப் பாருங்கள், ஒரு மூலையை யாராவது அழுத்தட்டும். ஆடினால் அடுத்த பெஞ்ச்.

முதுகுக்கு இழுக்கும் பயிற்சி ஒன்று வேண்டும். கதவு நிலைக்கு நடுவே முறுக்கி இறுக்கும் கம்பி வெறும் உராய்வில்தான் நிற்கிறது. பாலிஷ் போட்ட தேக்கு நிலையில் அது வழுக்கும். சுவரில் போல்ட் போடுவதானால் முதலில் அது என்ன சுவர் என்று பார்க்க வேண்டும். டிரில் போடும்போது செக்கச்செவேல் என்று தூள் வந்தால் செங்கல். வெளுத்த சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி, துளியும் எதிர்ப்பில்லாமல் வந்தால் ஏ.ஏ.சி. பிளாக் எனும் இலேசான நுரைக் கான்கிரீட் கல், டிரில் இறங்கவே அடம்பிடித்தால் கான்கிரீட். உங்களுடையதைப் போன்ற அடுக்ககங்களில் உள்சுவர் பெரும்பாலும் நாலரை அங்குலம்தான். அதிலோ பிளாக் சுவரிலோ ஆள் தொங்கக் கூடாது. கான்கிரீட் பீம் கண்ணுக்குத் தெரிந்தால் அதில் ஆங்கர் போல்ட் அடிக்கலாம், பூச்சைத் தாண்டிக் கான்கிரீட்டுக்குள் போல்ட் இறங்கியிருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு கையையும் முழங்காலையும் பெஞ்சில் ஊன்றி மறுகையால் டம்பெல்லை இடுப்புக்கு இழுப்பது, கதவில் உடற்பயிற்சிக்கான நீள ரப்பர் பேண்டை மாட்டி இழுப்பது, இந்த இரண்டும் போதும். பேண்டை மாட்டும்போது, நீங்கள் இழுக்க இழுக்கக் கதவு மூடிக்கொள்ளும் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். மறுபக்கம் நின்றால் தாழ்ப்பாளை நம்பித்தான் உங்கள் மூக்கு. பேண்ட் வெயிலில் கிடந்தால் மொறுமொறுத்துப் போகும். மாதத்துக்கு ஒருமுறை இழுத்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள், மயிரிழைக் கீறல் தெரிந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

இப்போது மழை நாளுக்கும் உங்கள் மனைவியின் முழங்காலுக்கும் சேர்த்து ஒரு சைக்கிள். வலி எதனால் என்று ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டிய பிறகே வாங்குங்கள். வீக்கமோ, மடக்கும்போது பூட்டிக்கொள்வதோ இருந்தால் கட்டாயம் காட்ட வேண்டும். பொதுவாக, உடல் எடை முழங்காலில் இறங்காமல் மூட்டை அசைக்க சைக்கிள் தோதானது. காந்தத் தடை உள்ளதாகப் பாருங்கள். கம்பளிப் பட்டை சக்கரத்தில் உரசும் வகை மலிவு. பட்டை தேயும், தூள் கொட்டும், வீச்சமும் வரும். கைப்பிடியும் சேர்ந்து அசையும் காற்றாடி வகை விடிகாலையில் வீட்டையே எழுப்பிவிடும்.

ஐந்தடி ஆளுக்கு இருக்கை போதுமான அளவு கீழே இறங்குமா என்பதுதான் முதல் சோதனை. ஆகவே உங்கள் மனைவியைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இருக்கையில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது கால் நேராக நீண்டிருக்க வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியபடி வரும், அதுதான் சரியான உயரம். இருக்கை தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அதிகம் மடங்கி, சில்லுக்கு அடியில் அழுத்தம் ஏறும். சைக்கிள் மிதித்து வலி கூடியது என்பவர்களில் பலருடைய இருக்கை தாழ்ந்துதான் இருக்கும். அடுத்து உங்கள் மகன் ஏறினால் உயர்த்த வேண்டியிருக்கும், அதனால் தண்டில் மூவரின் அளவையும் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். துப்பட்டா, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஏறச் சொல்லுங்கள்.

சைக்கிளோடு நிறுத்திவிட வேண்டாம். முழங்காலைத் தாங்குவது தொடைத் தசை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதில் தொடங்கி, பிறகு நெஞ்சோடு ஒரு டம்பெல்லை அணைத்துக்கொண்டு செய்யலாம். அந்த அரை கிலோ பிளேட்டின் அருமை அப்போது தெரியும்.

உங்களுக்கு: எடைப் பயிற்சி பிபி-க்கு எதிரி அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலே வாரத்தில் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு, இரண்டு நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்கிறது. உங்கள் நடை முதல் பாதியைப் பெரும்பாலும் முடித்துவிடுகிறது, இரண்டாம் பாதிதான் பாக்கி. ஆனால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அளவு 180-க்கு 110 என்று ஏறி நிற்கும் காலத்தில் எடையைத் தொடக் கூடாது. தூக்கும்போது மூச்சைப் பிடித்து முக்கக் கூடாது. தள்ளும்போதோ தூக்கும்போதோ மூச்சை வெளியே விடுங்கள். பன்னிரண்டு முறை செய்தபின் இன்னும் இரண்டு செய்யத் தெம்பிருக்கும் எடையே உங்கள் எடை. மாத்திரை பீட்டா பிளாக்கர் வகையாக இருந்தால் நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது. சைக்கிளின் திரையில் துடிப்பு குறைவாகக் காட்டுகிறதே என்று வேகத்தைக் கூட்டிவிடாதீர்கள். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவில் மூச்சு இருந்தால் சரி.

சீலிங் ஃபேனையும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். பையன் கையைத் தூக்கி டம்பெல்லோடு நின்றால் ஏழரை அடியைத் தாண்டும். சுவர் ஃபேனுக்கு மாறிவிடுவது நல்லது. கர்லாக்கட்டை சுற்றும் ஆசை யாருக்காவது இருந்தால் மொட்டை மாடிக்குப் போகட்டும், இந்த அறை அதற்கு ஆகாது.

வாங்கும் வரிசை: விரிப்பு, ராடு, பிளேட், பேண்ட் முதல் மாதம். ஆறு வாரம் மூவரும் தொடர்ந்தால் பெஞ்ச். அதன் பின்தான் சைக்கிள். சைக்கிள் நீங்கலாக மற்றதெல்லாம் உங்கள் தொகையில் ஏறக்குறைய பாதிக்குள் அடங்கும். பிளேட்டைப் பழையதாகவே வாங்கலாம், இரும்பு தேய்ந்துபோவதில்லை. மூடப்படும் ஜிம்களில் கிலோ கணக்கில் போட்டுத் தருவார்கள். மரை தேயாமல் இருக்கிறதா என்று மட்டும் ராடைப் பாருங்கள். டிரெட்மில்லை மட்டும் ஒருபோதும் பழையதாக வாங்காதீர்கள். அதிரும் பெல்ட், வியர்க்கவைக்கும் இடுப்புப் பட்டை இவற்றைக் கடைக்காரர் "ஃப்ரீயாகத் தருகிறேன்" என்றால், அதற்குப் பதில் இரண்டு ஸ்டார் நட்டு உபரியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சைக்கிள் வந்து இறங்கியதும் பெடல் மாட்டும்போது நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். இடது பெடலின் மரை தலைகீழ்: வலதைக் கடிகாரச் சுற்றிலும், இடதை எதிர்ச் சுற்றிலும் முறுக்க வேண்டும். முனையில் 'எல்', 'ஆர்' என்று பொறித்திருக்கும். கையாலேயே நாலைந்து சுற்று இலகுவாக இறங்க வேண்டும், பிறகுதான் ஸ்பானர். அவசரத்தில் மாற்றி மாட்டி ஸ்பானரால் இறுக்கினால் கிராங்க்கின் மரை போய்விடும். ஒரு வாரத்தில் பெடல் ஆடும், ஒரு மாதத்தில் கழன்று விழும், வாரண்டியில் அதை ஏற்கவும் மாட்டார்கள்.